கண்ணாடித் தொட்டியும் வற்றும் ஏரியும்

செஞ்சிக்கு அருகே உள்ள தொண்டூருக்கு வெளியூரார் வருவது பெரும்பாலும் மலைக்காகத்தான். அங்கே சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்தில் வெட்டிய பழங்கல்வெட்டும் உள்ளன. இந்தக் கட்டுரை அந்த வட்டாரத்தின் ஏரிகளைப் பற்றியது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, மார்கழி, தையில் தளும்பி, சித்திரையில் வெடித்த சேறாகிப் போகும் ஏரிகள் அவை. தண்ணீர் நிற்கும் அந்தச் சில மாதங்களுக்குள் முளைத்து, பூத்து, காய்த்து, மண்ணுக்குள் ஒளிந்துவிடும் செடிக் கூட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. வலையில் சிக்கினால் எரிச்சலோடு உதறப்படும் பாசி அது. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ஈயப் பட்டை சுற்றிக் கட்டுக்கட்டாக விற்கும் செடிகளில் பல, இதே செடிகளோ இவற்றின் நெருங்கிய உறவுகளோதான்.

மீன்தொட்டிச் செடிகளைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி விளக்கு, உரம், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் என்று வளர்ப்பு முறையோடு முடிந்துவிடுகிறது. தாவரவியலாரோ மீன்தொட்டியை விளையாட்டுப் பொருளாக ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. இந்தச் செடிகளில் பெரும்பாலானவை ஆண்டு முழுதும் மாறாத நீருக்காக உருவானவை அல்ல. ஏறி இறங்கும் நீருக்கும், சேற்றுக்கும், வறட்சிக்கும் சேர்த்துப் பழகியவை. தொட்டியில் அவை காட்டும் விசித்திரங்களுக்கெல்லாம், இலை உருகுவதற்கும் திடீரென்று மறைவதற்கும் உருவம் மாறுவதற்கும், விடை வற்றும் ஏரியில் இருக்கிறது.

பூக்கும் நீர்ச்செடிகள் எல்லாம் நிலத்துச் செடிகளின் வழிவந்தவை. ஒரே ஒரு முறை நீருக்குள் இறங்கி அங்கிருந்து பெருகியவையும் அல்ல. வெவ்வேறு குடும்பங்கள் வெவ்வேறு காலத்தில் தனித்தனியாக இறங்கின. ரோட்டலா மருதாணிக் குடும்பம். ஹைக்ரோபிலா நம் நீர்முள்ளியின் பேரினம், கனகாம்பரத்தின் குடும்பம். கிரிப்டோகோரைன் சேம்பு, சேனைக்கிழங்கோடு சேர்ந்தது. இவற்றில் பல பூப்பதற்கு மட்டும் இன்றும் தண்ணீரைவிட்டு வெளியே வருகின்றன. நனைந்தால் மகரந்தம் கெட்டுவிடும். வேலிஸ்னேரியா இந்தச் சிக்கலைத் தன் வழியில் தீர்த்திருக்கிறது. அதன் ஆண் பூக்கள் அடியில் அறுபட்டு, குமிழியோடு மேலே வந்து, நீர்ப்பரப்பில் மிதந்தபடி விரியும். பெண் பூ நீண்ட காம்பில் மேற்பரப்பைத் தொட்டு ஒரு சிறு பள்ளத்தை உண்டாக்கும். மிதக்கும் ஆண் பூக்கள் அந்தப் பள்ளத்துக்குள் சரிந்து விழும். சேர்க்கை முடிந்ததும் காம்பு சுருண்டு காயை அடியில் கொண்டு சேர்க்கும். அமைதியான ஏரி மூலையில் குனிந்து பார்த்தால் இதை வெறும் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

கொட்டியில் தொடங்குவது நல்லது. ஔவையார் மூதுரையில், நீர் வற்றியதும் பறந்துவிடும் பறவைகளுக்கு எதிராகக் கொட்டியையும் ஆம்பலையும் நெய்தலையும் நிறுத்தியிருக்கிறார். உறவைப் பற்றிய பாட்டு என்று பள்ளியில் படித்து முடித்துவிடுகிறோம். அதற்குள் துல்லியமான ஒரு கள அவதானிப்பும் இருக்கிறது. கொட்டி என்பது அபோனோஜெட்டான் பேரினச் செடி. நீர் இறங்க இறங்க அதன் இலைகள் அழுகும், கிழங்கு மட்டும் காய்ந்த சேற்றுக்குள் உயிரோடு கிடக்கும், அடுத்த மழையில் துளிர்க்கும். கொட்டிக்கிழங்கைத் தோண்டி அவித்துத் தின்பது நம் கிராமங்களில் பழைய வழக்கம். இதே பேரினத்தின் கிழங்குகள்தான் கடைகளில் ‘பல்பு’ என்ற பெயரில் பொட்டலம் கட்டி விற்கப்படுகின்றன. அவற்றில் பிரபலமான அபோனோஜெட்டான் கிரிஸ்பஸ் இலங்கையிலும் இந்தியாவிலும் இயல்பாக வளர்வது. அதற்குப் பெயரிட்டவர் தாவரவியலாளர் தூன்பெரி.

தொட்டியில் போட்ட கிழங்கு சில வாரங்களில் அலையலையான இலைகளை வாரி இறைக்கும், பூக்காம்பை நீருக்கு மேல் நீட்டும். சில மாதங்கள் கழித்து இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிக் கழன்றுவிடும். வாங்கியவர் செத்துவிட்டதென்று தூக்கி எறிகிறார். கிழங்கு பருவகால ஓய்வில் இருக்கிறது, அவ்வளவுதான். அதை எடுத்து ஈர மணலில் ஓரிரு மாதம் வைத்துவிட்டு மறுபடி நட்டால் பெரும்பாலும் துளிர்த்துவிடும். மடகாஸ்கரின் வலையிலைச் செடி இந்தப் பேரினத்தின் உச்ச விந்தை. அதன் இலை முதலில் முழுதாகத்தான் உருவாகிறது. பிறகு நரம்புகளுக்கு இடையே உள்ள செல்கள் திட்டமிட்டபடி தாமே மடிந்து துளைகளாகின்றன. கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் செல் மரணத்தை ஆராய்பவர்கள் இந்தச் செடியை ஆய்வுப் பொருளாக வளர்க்கிறார்கள். இலை கண்ணாடிபோல் மெல்லியது என்பதால் செல் மடிவதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்க முடிகிறது.

இலை உருமாற்றம்தான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தியாவைச் சொந்த மண்ணாகக் கொண்ட ஹைக்ரோபிலா டிஃபார்மிஸ் செடியைக் கரையோரச் சேற்றில் வளர்த்தால், விளிம்பில் மட்டும் பல் வெட்டிய சாதாரண இலையாக இருக்கும். நீருக்குள் மூழ்கடித்தால் அடுத்து வரும் இலைகள் பெரணிபோல் நுணுக்கமாகப் பிளந்து வரும். செடி ஒன்றுதான், மரபணுக்களும் அவைதான். இரண்டு கிளைகளில் ஒன்று மேலும் ஒன்று கீழும் இருந்தால், ஒரே செடியில் இரண்டு வகை இலைகளையும் பார்க்கலாம். தான் மூழ்கிவிட்டதைச் செடி எப்படி அறிகிறது? பழத்தைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவை எல்லாச் செடிகளும் சிறிதளவு வெளியிடுகின்றன. காற்றில் அது உடனே கலைந்துவிடும். நீருக்குள் வாயுக்கள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. எனவே எத்திலீன் செடிக்குள்ளேயே தேங்குகிறது. அந்தத் தேக்கம்தான் முக்கியமான செய்தி. அதனோடு ஒளியும் வெப்பமும் ஜிப்பரெலின் போன்ற வளர்ஊக்கிகளும் சேர்ந்து இலையின் வடிவத்தை முடிவு செய்கின்றன.

இது தெரிந்தால் தொட்டி வளர்ப்பவர்களைத் திகைக்க வைக்கும் இன்னொன்றும் விளங்கிவிடும். வணிகத்துக்கு வளர்க்கும் பண்ணைகளில் இந்தச் செடிகளில் பலவற்றை நீருக்குள் வளர்ப்பதே இல்லை. நிழல் கூடாரத்தில், ஈரம் நிறைந்த காற்றில், வேர் மட்டும் நனைய வளர்க்கிறார்கள். பாசி படியாது, வளர்ச்சி வேகமாக இருக்கும், அனுப்புவதும் எளிது. நாம் வாங்குவது காற்றுக்காகச் செய்த இலையைத் தாங்கிய செடி. தொட்டிக்குள் வந்ததும் அந்த இலைகள் கூழாகிக் கரைகின்றன. ஆர்வலர்கள் இதை ‘மெல்ட்’ என்பார்கள். மருந்து தேடி ஓட வேண்டிய நோய் அல்ல இது. வேர்த்தண்டு உறுதியாக இருந்தால், நீருக்கேற்ற புதிய இலை தானே வரும். ஏரியில் ஒவ்வொரு ஐப்பசியிலும் நடப்பதைத்தான் செடி கண்ணாடிக்குள் செய்கிறது.

மூழ்கிய இலையின் உடற்கூறு நிலத்து இலையிலிருந்து எல்லா வகையிலும் மாறுபட்டது. மேலே மெழுகுப் பூச்சு இல்லை என்று சொல்லுமளவுக்கு மெலிந்திருக்கும். இலைத்துளைகள் இருக்காது, அல்லது செயல்படாது. பச்சையம் புறத்தோல் செல்களிலேயே நிறைந்திருக்கும். தண்டுக்குள் காற்றறைகள் நீளவாக்கில் ஓடி ஒளிச்சேர்க்கையின் ஆக்சிஜனை வேர்வரை இறக்கும். சேற்றில் ஆக்சிஜனே இல்லாததால், வேர் மூச்சுவிடுவது இந்தக் குழாய்களால்தான். வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் சுற்றியுள்ள சேற்றின் வேதியியலையே மாற்றுகிறது. தொட்டியின் அடிமண் நாற்றம் எடுக்காமல் செடிகள் காப்பது இப்படித்தான்.

நீருக்குள் வாழ்வதன் உண்மையான கஷ்டம் கார்பன்தான். வெளிச்சத்தின் குறைவு அதற்கு அடுத்தது. கார்பன் டை ஆக்சைடும் அதே மந்தமான வேகத்தில்தான் இலையை வந்தடைகிறது. செடிகள் அடர்ந்த ஆழமற்ற ஏரியில் உச்சி வெயில் நேரத்தில் நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும், நீர் காரத்தன்மை ஏறி நிற்கும். இரவு முழுதும் எல்லா உயிர்களும் சுவாசிக்க, விடியலில் அது மறுபடி சேர்ந்திருக்கும். இந்த அன்றாடப் பஞ்சத்துக்கு நம் ஏரிச்செடிகள் கண்டுபிடித்த தீர்வுகள் கடந்த அரை நூற்றாண்டின் தாவர உடலியலில் மிகச் சுவையானவை.

ஹைட்ரில்லாவை எடுத்துக்கொள்வோம். கரும்பும் சோளமும் செய்யும் சி4 ஒளிச்சேர்க்கைக்கு இலைக்குள் இரண்டு வகைச் செல்கள் அடுக்காக அமைந்திருக்க வேண்டும் என்றுதான் பாடநூல்கள் சொல்லிவந்தன. ஹைட்ரில்லாவின் இலை இரண்டே செல் தடிமன். அந்த அடுக்கமைப்பு அதில் இல்லை. ஆனாலும் கார்பன் குறைந்த வெப்ப நீரில் அது ஒரே செல்லுக்குள் சி4 முறைக்கு மாறுகிறது, நிலைமை சீரானால் திரும்பிவிடுகிறது. புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் போவ்ஸும் அவரது குழுவினரும் இதை நிலைநாட்டினார்கள். நம் வயல்களிலும் குளங்களிலும் அகன்ற மெல்லிய இலையோடு வளரும் ஒட்டேலியா அலிஸ்மாய்டஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நீரில் கரைந்த பைகார்பனேட்டைப் பிரித்தெடுப்பது, சி4, இரவில் கார்பனைச் சேமித்துப் பகலில் செலவிடும் கள்ளிச்செடி முறை ஆகிய மூன்றையும் ஒரே செடி கையாளுகிறது. ஒட்டேலியா என்ற அறிவியல் பெயரே ரீடே தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் பதிவான மலையாளப் பெயரிலிருந்து வந்தது. நெல் வயலில் களையென்று பிடுங்கி வரப்பில் வீசும் செடி இது என்பதை நினைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

கள்ளிச்செடி முறையை நீருக்குள் முதலில் கண்டவர் ஜான் கீலி. 1981இல், கலிபோர்னியாவின் பருவகாலக் குட்டைகளில் வளரும் ஐசோயட்டஸில். பாலைவனத்துக்கே உரியதென்று கருதப்பட்ட உத்தி தண்ணீரில் மூழ்கிய செடியில் இருந்தது பலரை வியக்க வைத்தது. பகலில் கார்பன் போட்டி கடுமை. இரவில் அது தாராளமாகக் கிடைக்கிறது. இரவில் சேர்த்து வைப்பவன் பிழைக்கிறான். இந்தப் பேரினத்தில் நம் கரையின் பெயரையே தாங்கிய ஐசோயட்டஸ் கோரமண்டலினா உண்டு. பூவும் விதையும் இல்லாத, புல்போலத் தோன்றும் தொல்குடிச் செடி. மழைக்காலத்தில் மட்டும் தேங்கும் ஆழமற்ற நீரில் வளர்வது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மலைப் பாறைகளில் மழைநீர் தங்கும் குழிகளையும் அடிவார ஏரிகளையும் பார்க்கும் தாவரவியல் மாணவர் முதலில் தேட வேண்டியது இதைத்தான் என்பேன்.

கிரிப்டோகோரைன் இந்தக் கதையின் நடுநாயகம். 60க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் உள்ளன. மீன்தொட்டி உலகில் இலங்கைச் சிற்றினங்களே கோலோச்சுகின்றன: வெண்டியி, பெக்கெட்டியி, வாக்கேரி, விரல் நீளம்கூட வளராத பார்வா. வெண்டியி சிற்றினத்துக்கு 1958இல் பெயரிட்டவர் நெதர்லாந்தின் டி விட். அந்தப் பெயர் ஆல்பர்ட் வெண்ட் என்ற ஜெர்மானிய மீன்தொட்டி எழுத்தாளரைக் குறிக்கிறது. தாவரவியலும் பொழுதுபோக்கும் கைகோத்த நல்ல சான்று அது. பிறகு டென்மார்க்கின் நீல்ஸ் யாகோப்சன் குரோமோசோம்களை எண்ணிக் குழப்பங்களைத் தீர்த்தார். குழப்பம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரே சிற்றினம் வெளிச்சத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ப பச்சை, பழுப்பு, சிவப்பு என்று நிறமும் அகலமும் மாற்றிக்கொள்ளும். பூவின் மடலைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது; ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் செடி பூப்பதோ அரிது.

அந்தப் பூ பார்க்க வேண்டிய ஒன்று. அடியில் சிறிய அறை, அதற்கு மேல் நீண்ட குழல், உச்சியில் விரிந்து முறுக்கிய மடல். நீர் உயர்ந்தாலும் குழலின் நீளத்தால் அடியறை மூழ்கியிருக்க, மடல் மட்டும் காற்றில் நிற்கும். வாசனைக்கு மயங்கி வரும் சிறு ஈ குழல் வழியே அறைக்குள் விழுகிறது. அங்கே முதலில் பெண் பூக்கள்தான் முதிர்ந்திருக்கும். ஈ கொண்டுவந்த மகரந்தம் அவற்றில் ஒட்டிய பிறகே ஆண் பூக்கள் மகரந்தத்தை வெளிவிடும்; அதைப் பூசிக்கொண்டு ஈ வெளியேறும்.

இந்தப் பேரினத்தில் அறிவியல் உலகம் முதலில் அறிந்தவற்றுள் ஒன்று நம் பக்கத்துச் செடி. லின்னேயஸின் மாணவர் யோஹன் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். பின்னர் ஆற்காடு நவாபிடம் இயற்கையாளராகப் பணிசெய்தார். சோழமண்டலக் கரையின் செடிகளை ஐரோப்பிய நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர்களில் ஒருவரான சுவீடனின் ரெட்சியஸ் 1779இல் விவரித்த செடிதான் இன்று கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸ். வயலோரத்திலும் குளக்கரையிலும் நீண்ட இலையோடு, திருகிய செம்மடலோடு நிற்பது. நாட்டு மருந்துக் கடையில் இதன் வேர்த்தண்டு ‘நாட்டு அதிவிடயம்’ என்று விற்கிறது. இமயத்து அதிவிடயத்துக்குப் பதிலாகச் சித்த மருத்துவம் எடுத்துக்கொண்டது இது. மருந்துக் கடைக்காரருக்கு இது மீன்தொட்டிச் செடியின் உறவு என்று தெரியாது. தொட்டி வைத்திருப்பவருக்கு இது மருந்து என்று தெரியாது. இரண்டு தேவைக்கும் காட்டிலிருந்தே பிடுங்கினால் செடி தாங்காது. இலங்கையில் கிரிப்டோகோரைன் போக்னெரி போன்றவை அழிவின் விளிம்பில் இருக்கின்றன. திசு வளர்ப்பில் எளிதாகப் பெருகும் செடியை ஓடையிலிருந்து பிடுங்கி விற்பதற்கு இன்று எந்த நியாயமும் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தொட்டியின் முன்வரிசையில் புல்வெளிபோல் பரப்பும் மார்சிலியா நம் ஆரைக்கீரைதான். அதன் வித்துறைகள் காய்ந்த மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஓட்டைச் சற்றுச் சுரண்டி நீரில் போட்டால் விழித்துக்கொள்ளும். நீர்ப்பிரமி மருந்தாகவும் தொட்டிச் செடியாகவும் ஒருசேர வாழ்கிறது. உலகச் சந்தையில் விரும்பப்படும் செந்நிற ரோட்டலா மாக்ராண்ட்ரா இந்தியாவின் செடி. மேற்குத் தொடர்ச்சி மலைச் செம்பாறைச் சமதளங்களிலிருந்து புதிய ரோட்டலாக்களைக் கேரளத் தாவரவியலார் தொடர்ந்து விவரித்துவருகிறார்கள். யூட்ரிகுலேரியாவின் பைகள் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் நீர்ப்பூச்சியை உறிஞ்சிவிடும்.

செடிகள் தொட்டியிலிருந்து தப்பிய கதை கசப்பானது. 1950களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து ‘இந்திய நட்சத்திரக் கொடி’ என்ற பெயரில் மீன்தொட்டிக்காக அமெரிக்கா போன ஹைட்ரில்லா, புளோரிடாவின் டாம்பா நகர் அருகே கால்வாயில் கொட்டப்பட்டு, அந்த மாநிலத்தின் ஏரிகளையும் ஆறுகளையும் அடைத்தது. நம் ஹைக்ரோபிலா பாலிஸ்பெர்மாவும் அதே வழியில் போய் அங்கே களையாகிவிட்டது. இங்கே வயலும் வெயிலும் வறட்சியும் மீன்களும் பூச்சிகளும் அளவோடு வைத்திருக்கும் செடி, வற்றாத அயல் நீரில் அளவு மீறுகிறது. எதிர்த் திசையிலும் இதே நடக்கிறது. கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவளப்பாண்டியில் 2020இல் ஓடையை நிறைத்து இளஞ்சிவப்பாய்ப் பூத்தது தென் அமெரிக்கக் கபோம்பா. மக்கள் படமெடுக்கத் திரண்டார்கள். அடியில் உள்ளூர்ச் செடிகள் வெளிச்சம் இழந்தன. ஆகாயத்தாமரையோடு நாம் பட்ட பாடு போதாதா?

இத்தனை அறிவும் புத்தகங்களில் இருக்கிறது. காம்பிளின் சென்னை மாகாணத் தாவரநூல் 1915இல் தொடங்கியது. கே. சுப்பிரமணியம் 1962இல் இந்திய நீர்ப்பூச்செடிகளைத் தனி நூலாக்கினார். கிறிஸ்டோபர் குக் 1996இல் இந்திய நீர்ச்செடிகள், ஈரநிலச் செடிகள் பற்றிய பெருநூலைத் தந்தார். செஞ்சிப் பகுதியும் அடங்கிய தமிழகக் கர்நாடகச் சமவெளியை அருட்தந்தை கே.எம். மேத்யூ திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்திலிருந்து ஆராய்ந்து 1980களின் தொடக்கத்தில் பல தொகுதிகளாக வெளியிட்டார். எனினும் நீர்ச்செடிகள் இந்தப் பெருமுயற்சிகளிலும் பின்தங்கியே இருக்கின்றன. காரணம் சோம்பல் அல்ல. நீருக்குள்ளிருந்து எடுத்த செடி காகிதத்தில் ஒட்டிய நிறமற்ற சவ்வாகக் காய்ந்துவிடும். பூக்காத செடியை உலர்தாவரகம் பொதுவாக ஏற்காது. ஏரி நிறைந்திருக்கும் சில வாரங்களில் சேற்றில் இறங்காதவருக்கு அது கிடைக்கவும் செய்யாது. தொட்டி வளர்ப்பவர்களின் கை இங்கேதான் உதவும். ஒரே செடியை மாதக்கணக்கில் நீருக்குள்ளும் வெளியிலும் வளர்த்து, அதன் எல்லா உருவங்களையும் படம் பிடிக்க அவர்களால் முடியும். ஜப்பானின் தகாஷி அமானோ தொட்டியை நிலக்காட்சிக் கலையாக்கியபின் உலகெங்கும் அப்படிப்பட்ட கண்கள் லட்சக்கணக்கில் உருவாகியிருக்கின்றன. ஆனால் அவர்களது பதிவுகள் பெரும்பாலும் போர்னியோ, ஆப்பிரிக்கச் செடிகளைப் பற்றியவை. பக்கத்து ஏரியைப் பற்றியவை மிகக் குறைவு.

அவசரமும் உண்டு. குடிமராமத்துப் பணிகள் மீண்டும் தொடங்கியபின் ஏரிகள் தூர் வாரப்படுகின்றன. ஏரிக்குக் கொள்ளளவு வேண்டும், வயலுக்கு வண்டல் வேண்டும். நான் தூர் வாருவதை ஆதரிக்கிறேன். ஆனால் கொட்டிக்கிழங்கும் ஆரையின் வித்துறையும் ஹைட்ரில்லாவின் நிலத்தடி முகிழ்களும் பல்லாண்டுகளின் விதைகளும் அந்த மேல்மண்ணில்தான் இருக்கின்றன. ஒரே கோடையில் ஏரி முழுதையும் இயந்திரம் வழித்தெடுத்தால் அந்தக் கையிருப்பே போய்விடும். கரையோரத்தில் ஒரு பகுதியை அந்த ஆண்டு தொடாமல் விட்டால் போதும். மறு மழையில் செடிகள் அங்கிருந்து பரவும். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில், மராத்தியர் ராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாக, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. கோட்டையின் செட்டிகுளமும் சக்கரகுளமும் சுத்தம் செய்யப்படும் நாள் வரும். படிக்கட்டின் கல்லுக்குப் பட்டியல் எடுப்பதுபோல, குளத்தின் செடிகளுக்கும் ஒரு பட்டியல் அதற்கு முன் எடுக்கப்பட வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிக் கல்லூரிகளின் தாவரவியல் துறைகள் தை, மாசியில் மாணவர்களைத் தொண்டூர் வட்டாரத்து ஏரிகளுக்கு அனுப்பட்டும். எடுத்த மாதிரிகளைத் திருச்சி ராபினாட் உலர்தாவரகத்துக்கோ புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரகத்துக்கோ சேர்ப்பித்தால் அவை அடுத்த தலைமுறைக்கும் கிடைக்கும். வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். மிஞ்சிய அயல்நாட்டுச் செடியை ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். அடுத்த தொட்டிக்கு ஒரு கொட்டியையோ ஆரையையோ நீர்ப்பிரமியையோ வளர்த்துப் பாருங்கள். அது மாறும் விதத்தைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.